ஓங்கித் தட்டவும்

"ஓங்கித் தட்டச் சொன்னது யாருங்க?"

"மேப்புதாங்க."

"எந்த மேப்பு?"

"போன்ல இருக்கிற மேப்பு. இதோ பாருங்க, சிவப்புப் புள்ளி. இதுதான் உங்க வீடு. என் குடை உங்க வாசல்ல கிடைச்சிருக்கு. கறுப்புக் குடை, கைப்பிடியில வாத்துத் தலை."

"வாத்தெல்லாம் இங்க இல்லீங்க."

"தலை மட்டும்தாங்க வாத்து."

"தலையும் இல்ல, உடம்பும் இல்ல. உள்ள ஒரு மனுஷன் தூங்கறார். தூங்கினார்னு சொல்லணும். நீங்க தட்டின தட்டுல எழுந்து உட்கார்ந்திருப்பார்."

"கதவு நிறம் வேற மாதிரி இருந்துச்சு. வீடு இதுதானான்னு சந்தேகம் வந்து, அதான் ரெண்டு தடவை தட்டினேன்."

"பன்னிரண்டு தடவை. நான் எண்ணிட்டிருந்தேன்."

மாடிப்படியில் உட்கார்ந்து நான் படித்துக்கொண்டிருந்தேன். என் நாவலில் ஒருவன் நாற்பது பக்கமாகப் பனியில் நடந்துகொண்டிருந்தான். இன்னும் ஒரு வீட்டுக் கதவைக்கூட அவன் தட்டியிருக்கவில்லை. கீழே மூன்று வாரத்தில் அறுபது பேர் தட்டிவிட்டார்கள்.

கீழ்வீட்டுத் தையலக்கா குடைக்காரரை அனுப்பிவிட்டு, உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ரவிக்கைத் தோளில் குத்திக்கொண்டாள். அவளுக்கு வேலை ஜிப் மாற்றுவது, இடுப்புப் பிடித்தம் தளர்த்துவது, நீளக் கால்சட்டையைக் குட்டையாக்குவது. முன்பக்கம் முழுக்க இரும்புக் கடை அடைத்துக்கொண்டதால் வீட்டுக்குப் பின்சந்து வழியாகத்தான் வர வேண்டும். அந்தச் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அழைப்புமணி உண்டு, ஆனால் ஒயர் இல்லை. ஒயரை வெட்டியவர் அவள் கணவர்.

அவர் ரொட்டிக்காரர். இருட்டியதும் பேக்கரிக்குப் போவார், விடிந்து திரும்புவார். காது மடலில் எப்போதும் கொஞ்சம் மாவு இருக்கும். பகல்தான் அவருக்கு ராத்திரி. அதற்காக ஜன்னல்களில் எல்லாம் பழுப்புக் காகிதம் ஒட்டி, சுவர்க் கடிகாரத்தைச் சமையலறைக்கு மாற்றி, மணியின் ஒயரையும் வெட்டியிருந்தார். தையல் மெஷின் சத்தம் மட்டும் அவருக்குத் தாலாட்டு. மெஷின் நின்றால் விழித்துவிடுவார் என்று அக்கா சில நாள் துணியே இல்லாமல் மெஷினை மிதிப்பாள்.

இந்த ஏற்பாடெல்லாம் மூன்று வாரத்தில் பாழாய்ப் போயிற்று. ஒருவர் ஊதுகுழல் தேடி வந்தார். ஒருவர் பல்செட் தேடி வந்தார், கீழ்வரிசை மட்டும். இடது கால் செருப்பு தேடி வந்தவர், ஆதாரத்துக்கு வலது கால் செருப்பைக் கையில் பிடித்திருந்தார். ஒரு பெண் கூண்டோடு காணாமல் போன கிளியைத் தேடி வந்து, சந்தில் நின்று "கண்ணு, கண்ணு, வந்துடு கண்ணு" என்று அரைமணி நேரம் கூப்பிட்டாள். உள்ளேயிருந்து அரைத்தூக்கத்தில் ரொட்டிக்காரர், "வந்துட்டேன்" என்றார். அதைக் கிளி என்று நினைத்து அவள் கதவை விட்டு நகர மறுத்துவிட்டாள்.

இரும்புக் கடைக்காரர் மட்டும் சந்தோஷமாக இருந்தார். "அக்கா, நல்ல சைக்கிளா ஏதாவது வந்தா சொல்லுங்க."

குடைக்காரர் போன பிறகு உள்கதவு திறந்தது. கையில்லா பனியனும் சிவந்த கண்களுமாக ரொட்டிக்காரர் வந்து நின்றார். கையில் ஒரு முழு ரொட்டி.

"நேத்து உப்பு போட்டேனா?"

"என்னைக் கேட்டா? நானா உங்க கூட வந்தேன்?"

"மாவு பிசைஞ்சது ஞாபகம் இருக்கு. ஈஸ்ட் போட்டது ஞாபகம் இருக்கு. உப்பு டப்பாவைத் திறந்தது ஞாபகம் இருக்கு. மூடினது ஞாபகம் இருக்கு. நடுவுல என்ன பண்ணேன்னு தெரியல."

"திறந்து மூடியிருக்கீங்கல்ல, நடுவுல போட்டிருப்பீங்க."

"போன வாரமும் இப்படித்தான் சொன்னே."

போன வாரம் உப்பில்லாத ரொட்டி முந்நூறு, ஊர் முழுக்கப் போயிருந்தது. அதற்கு முந்தின வாரம் ஒரு தடவை. பேக்கரி முதலாளி சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்றார் ரொட்டிக்காரர். முதலாளி தினம் நாலு மணிக்கு டீயோடு அன்றைய ரொட்டியில் ஒரு துண்டு சாப்பிடுவார். அன்றைக்கு அவருக்கு அதுதான் முதல் ரொட்டி. "இனி ஒரு தடவை நானா கண்டுபிடிச்சா, நீ வர வேண்டாம்" என்று அமைதியாகச் சொல்லியிருந்தார். "நீயா முன்னாடியே வந்து சொன்னா, அது வேற."

"அப்போ, உப்பு இல்லேன்னா நாலு மணிக்குள்ள போய் ஒத்துக்கணும்," என்றேன் நான். "இருந்தா?"

"இருந்தா போய்த் தூங்கணும். இருக்கிறப்பவே இல்லைன்னு போய்ச் சொன்னா, புத்தி பிசகிடுச்சுன்னு அதுக்கே அனுப்பிடுவார். நீ தின்னு பாத்துச் சொல்லும்மா."

தினமும் காலையில் எனக்கு அரை ரொட்டி இலவசமாக மாடிக்கு வரும். ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன். "நல்லா இருக்கு அண்ணே."

"உப்பு?"

"எல்லாமே நல்லா இருக்கு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மனைவியிடம் நீட்டினார். அவளும் தின்றாள். "நல்லா இருக்குங்க."

"இருபத்திரண்டு வருஷமா நல்லா இருக்குன்னுதான் சொல்றே. அடுப்புல மறந்துபோய்க் கரியான ரொட்டியையும் நல்லா இருக்குன்னே."

"ஆசையாக் கொடுத்தீங்க. வேற என்ன சொல்றது?"

"நீங்களே தின்னு பாருங்களேன்," என்றேன்.

"பாத்துட்டேன். ரெண்டு நாளா தூங்காத வாயில எதைப் போட்டாலும் காகிதம் மாதிரி இருக்கு."

அப்போது கதவு மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை கேமரா தேடி ஒருவர். அக்கா அவரை அனுப்பிவிட்டு, மெஷினுக்கு உறை போட்டாள். அவள் பகலில் உறை போட்டு நான் பார்த்ததே இல்லை. "ஏம்மா, நீ அந்த லைப்ரரிக்குப் போவியே, எதைக் கேட்டாலும் தேடிக் கொடுக்கிற ஆள் ஒருத்தர் இருக்கார்னு சொன்னியே. வா, போகலாம்."

"நானும் வரேன்," என்றார் ரொட்டிக்காரர். "இங்க இருந்தா மட்டும் தூங்கவா போறேன்?" சட்டையை மாட்டிக்கொண்டு, ரொட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டார்.

நூலகத்தில் 'இங்கே கேளுங்கள்' என்று பலகை வைத்த மேசைக்குப் பின்னால் நூலகர் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பழைய புத்தகத் தூசு ஒத்துக்கொள்ளாத மனிதர், பழைய புத்தகங்களுக்கு நடுவில் வேலை. எங்களைக் கண்டதும் கைக்குட்டையை மடித்து நேராக உட்கார்ந்தார்.

"இன்னைக்கு நீங்க நாலாவது கேள்வி. முதல் மூணும் கழிவறை எங்கேங்கிறது." ஒரு பதிவேட்டைத் திறந்தார். "கேட்கிற மாதிரியே சொல்லுங்க, அப்படியே எழுதணும்."

"எல்லாரும் எதுக்கு எங்க வீட்டுக் கதவைத் தட்டுறாங்க?" என்றாள் அக்கா.

"ஓங்கித் தட்டுறாங்க," என்று ரொட்டிக்காரர் திருத்தினார். நூலகர் 'ஓங்கி' என்று மேலே சேர்த்துக்கொண்டார். அவர் முகத்தில் ஓர் ஒளி வந்தது. இந்தக் கேள்விக்காகத்தான் அவர் இந்த வேலைக்கே வந்திருக்கிறார் போல.

"சார், ஒரு நிமிஷம்." ரொட்டிக்காரர் பையிலிருந்து ஒரு துண்டு பிய்த்து நீட்டினார். "இதுல உப்பு இருக்கான்னு சொல்லுங்க."

நூலகர் மறுக்காமல் தின்றார். கண்ணை மூடி யோசித்தார். "மன்னிக்கணும். ஜலதோஷம். இது ரொட்டிங்கிறதே கண்ணால பாத்துத்தான் தெரியும்."

முதலில் அவர் விலாசத்தைக் கேட்டுக்கொண்டு, கண்ணாடி அலமாரியிலிருந்து பழைய தெருக் கையேடு ஒன்றை எடுத்து வந்து, இரண்டு தும்மலுக்கு நடுவில் விரல் வைத்துத் தேடினார். "பின்சந்து, பதினாலாம் நம்பர். அறுபது வருஷத்துக்கு முன்னாடி அங்க இருந்தது வாத்தியக் கருவி பழுது பார்க்கிறவர்."

"அதான் ஊதுகுழல்!" என்றார் ரொட்டிக்காரர்.

"அப்ப பல்செட்?" என்றாள் அக்கா.

நூலகர் கையேட்டை மூடினார். கணினியைத் திருப்பி வைத்து, நகராட்சியின் பக்கத்தைத் திறந்தார். மூன்று வாரத்துக்கு முன்பு நகராட்சி தன்னிடம் இருக்கும் பட்டியல்களை எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவிட்டதாம். தெருவிளக்குகள், மரங்கள், குடிநீர்க் குழாய்கள், தொலைந்து கிடைத்த பொருட்கள். "திறந்த தரவுன்னு பேரு. உங்க தெருவுல எத்தனை மரம்னு சொல்லட்டுமா? இருபத்து மூணு. ஒண்ணு பட்டுப்போச்சு."

"மரம் வந்து கதவைத் தட்டலீங்க," என்றாள் அக்கா.

"இதோ, தொலைந்து கிடைத்த பொருட்கள்." வரைபடத்தில் ஊர் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள். எங்கள் சந்தில் மட்டும் தர்பூசணி அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம்.

"ஐயோ, என் வீடு வீங்கியிருக்கே."

"மேப்பு வெறும் முகம்தாங்க. உடம்பு அட்டவணையில இருக்கு." அவர் பட்டியல் முழுவதையும் இறக்கினார். வரி வரியாக ஓடியது. "மொத்தம் ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு பொருள். உங்க விலாசத்தை மட்டும் வடிகட்டறேன்." ஏதோ அழுத்தினார். "நானூத்துப் பதினேழு."

அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். குடை, குடை, சோற்று டப்பா, குடை, ஊன்றுகோல், கிளிக்கூண்டு (கிளியுடன்), குடை.

"கொஞ்சம் மெதுவா," என்றேன் நான். "அண்ணன் தூங்கிட்டார்."

பத்திரிகை மேசையில் தலை சாய்த்து, ரொட்டிப் பையைத் தலையணையாக வைத்து, மூன்று வாரத் தூக்கத்தை ஒரே மூச்சில் தூங்கிக்கொண்டிருந்தார் ரொட்டிக்காரர். இலேசான குறட்டை. எதிரே இருந்தவர் பத்திரிகையை மடித்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்.

"தூங்கறவங்களை எழுப்பணும்னு விதி இருக்கு," என்றார் நூலகர் குரலைத் தாழ்த்தி. "வாசிச்சுக்கிட்டிருக்கார்னு எழுதிக்கறேன்."

'கண்டெடுத்தவர்' என்ற கட்டத்தைக் காட்டினார். அநேகமாக எல்லா வரியிலும் பேருந்து நடத்துநர்.

"பஸ்ல கிடைச்சது எப்படிங்க எங்க வாசலுக்கு வரும்? எங்க சந்துல சைக்கிளே திரும்பாது."

"நல்ல கேள்வி. அஞ்சாவது." அதையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். "இப்போ கிழமைவாரியாப் பிரிச்சுப் பார்க்கலாம்." திரையில் தூண்கள் எழுந்தன. திங்களுக்கு ஒரு தூண், செவ்வாய்க்கு ஒன்று, புதனுக்கு ஒன்று. ஓரிடத்தில் பல் விழுந்த மாதிரி இடைவெளி. "வியாழக்கிழமை மட்டும் ஒண்ணுகூட இல்ல. ரெண்டு வருஷத்துல ஒரு வியாழக்கிழமைகூட உங்க வாசல்ல எதுவும் கிடைக்கல. இதை எழுதறது ஒரே கை. அந்தக் கைக்கு வியாழன் லீவு."

அக்கா தோளில் இருந்த குண்டூசி ஒன்றை எடுத்து, மறுபடி அதே இடத்தில் குத்தினாள்.

"இந்த அட்டவணையை எப்படிப் படிக்கணும்னு ஒரு விளக்கக் கோப்பும் வெச்சிருக்காங்க. யாரும் திறக்கமாட்டாங்க." நூலகர் திறந்தார். "இதோ. கண்டெடுத்த இடம். காலியாக விட இயலாது. அதாவது, இடம் தெரியலேன்னாலும் எதையாவது எழுதியே ஆகணும். எழுதினாத்தான் அடுத்த பக்கம் போகும். சரி, என்ன எழுதியிருக்காங்கன்னு முழுசாப் பார்த்துடலாம்." விலாசக் கட்டம் குறுகலாக இருந்தது. அதன் ஓரத்தைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தார். மறைந்திருந்த எழுத்துகள் வெளியே வந்தன.

*14, பின்சந்து, நீலக் கதவு, மெஷின் ஓடும், ஓங்கித் தட்டவும்.*

நானூற்றுப் பதினேழு வரியிலும் அதுவே.

"இது நான் எழுதினது," என்றாள் அக்கா.

"இது டைப் பண்ணதுங்க."

"டைப் யாரோ பண்ணியிருக்கட்டும். வார்த்தை என்னுது. என் தம்பி இந்த ஊருக்கு முதல்முதலா வந்தப்ப, துணியில குறி போடற சாக்பீஸால அட்டையில எழுதிக் கொடுத்தேன். மெஷின் சத்தத்துல கேட்காது, ஓங்கித் தட்டுடான்னு."

தம்பிக்கு நகராட்சியில் ஏதோ எழுதுகிற வேலை என்று கேள்விப்பட்டிருந்தேன். மற்றதை அக்கா அப்போதுதான் சொன்னாள். வியாழக்கிழமை தோறும் மதியச் சாப்பாட்டுக்கு வருவானாம். நான் மாடிக்குக் குடிவருவதற்கு முன்பு ஒரு வியாழக்கிழமை, மாமன் சுட்ட ரொட்டியைத் தின்றுவிட்டு, "ஒரு சிட்டிகை உப்பு கம்மியோ மாமா?" என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான் கேட்டான். பேச்சு வளர்ந்து, இனி என் வாசலை மிதிக்காதே என்பதில் போய் முடிந்தது. நீலம் மங்கியபோது கதவுக்கு மறுபடி அதே நீலம் அடித்தவன் தம்பி. அந்த வாரக் கடைசியிலேயே ரொட்டிக்காரர் அதன்மேல் பச்சை அடித்தார்.

நான் அவரைத் தட்டி எழுப்பினேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கன்னத்தில் துணிப்பையின் வரிவரியான தடத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வாசலை மிதிக்காதேன்னுதான் சொன்னேன். தட்டாதேன்னு சொல்லலை. ஊரையே அனுப்பித் தட்டியிருக்கான் பாரு."

நூலகர் எங்களோடு வாசல்வரை வந்தார். "பதில் கிடைச்சதுன்னு எழுதிக்கலாமா?" என்று கேட்டார். அக்கா, "பாதின்னு எழுதிக்குங்க," என்றாள்.

பொருள்மீட்பு அலுவலகம் நகராட்சிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், ஒரு நீண்ட கவுண்டருக்குப் பின்னால் இருந்தது. உள்ளே கூரைவரை அலமாரிகள். குடைகள் ஒரு கூட்டமாகச் சாய்ந்து நின்றன. அவற்றில் ஒன்றுக்கு வாத்துத் தலை. ஒவ்வொன்றிலும் நூல் கட்டிய சீட்டு. எங்கோ ஒரு கிளி தானாகப் பேசிக்கொண்டிருந்தது. கவுண்டரில் மெலிந்த ஓர் ஆள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான்.

"டோக்கன்?" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தான். அக்காவைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தான். பேனா உருண்டு கீழே விழுந்தது.

"டோக்கன் இல்லடா," என்றாள் அக்கா. "உடம்பு ஏன் இப்படி இளைச்சுப் போச்சு?"

"இல்லக்கா, அப்படியேதான் இருக்கேன்."

"அந்த வாத்துக் குடைக்காரர் இன்னைக்குப் பன்னிரண்டு தட்டு தட்டினார். கிளிக்காரி அரைமணி நேரம் நின்னா. நானூத்துப் பதினேழு சாமான் என் வாசல்ல கிடைச்சுதாமே. ஏண்டா இப்படிப் பண்ணே?"

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் காதுவரை சிவந்துவிட்டது. "அது வெளியில தெரியுமாக்கா? உள்ளேயே இருக்கிற பட்டியல்னு நினைச்சேன்."

"திறந்து போட்டுட்டாங்கடா. ஊரே பாக்குது."

"அந்தக் கட்டத்துல சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கும்க்கா. காலியா விட்டா நகராது. பஸ்ல கிடைச்சதுக்கு எந்த இடம்னு போடறது? நடத்துநரைக் கேட்டா, ஏதோ ஒரு ஸ்டாப்புங்கறார். பின்னாடி வரிசை நிக்கும். கை தானா அடிச்சுடும்."

"தானா அடிக்க என் வீடுதான் கிடைச்சுதா? உன் ரூம் விலாசத்தை அடிக்க வேண்டியதுதானே?"

"அது எனக்கு மனப்பாடம் இல்லக்கா." சீட்டு கட்டுகிற நூலை விரலில் சுற்றினான். "யாருக்கும் சொல்ல வேண்டி வந்ததே இல்ல. பாக்காம வர்ற விலாசம் இது ஒண்ணுதான்."

அக்கா வாத்துக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூரையைப் பார்த்தேன். கிளி, "வந்துட்டேன்" என்றது. அது யாரிடம் கற்றுக்கொண்டதோ.

"இப்பவே மாத்திடறேன்," என்றான் தம்பி அவசரமாக. "ஒவ்வொண்ணா மாத்தணும். சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடுவேன்."

"என்னன்னு மாத்துவே?"

"தெரியவில்லைன்னு."

"அதையே முதல்ல போட்டிருக்கலாமே."

அவன் யோசித்தான். இரண்டு வருஷத்தில் அதை முதல்முறையாக யோசிக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது. "தோணலைக்கா."

ரொட்டிக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. பேக்கரி இரண்டு தெரு தள்ளி. துணிப்பையிலிருந்து ரொட்டியை எடுத்தார். அவர் தலை அழுத்தியதில் ஒரு பக்கம் சப்பையாகியிருந்தது. சப்பையாகாத பக்கத்தில் ஒரு துண்டு பிய்த்து, கவுண்டரின் மேல், குடைச் சீட்டுகளுக்கு நடுவில் வைத்தார். தம்பி அதைப் பார்த்தான். கையை நீட்டவில்லை. இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நாலு மணிக்கு முதலாளி டீ குடிப்பார்," என்றார் ரொட்டிக்காரர். "அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். உங்க அக்கா நல்லா இருக்குங்கறா. மாடிப் பொண்ணு நல்லா இருக்குங்குது. லைப்ரரிக்காரருக்கு மூக்கே இல்ல."

துண்டை இரண்டு விரலால் தம்பியின் பக்கம் நகர்த்தினார்.

"கோவிச்சுக்கமாட்டேன். தின்னு பாத்து, உப்பு இருக்கா இல்லையான்னு நீ சொல்லு மச்சான்."